சத்தம் அடக்குகிறவர்

சுங்கைப்பட்டாணியில் வண்டிக்குப் புகைக்குழாய் மாட்டுகிற எக்சோஸ் கடைகளுக்குக் குறைச்சல் இல்லை. காருக்குச் சத்தம் ஏற்றித் தர எத்தனையோ பேர் இருக்கிறார்கள். சத்தத்தை அடக்கித் தருகிறவர் யார் என்று கேட்டால், யாரும் யோசிக்காமல் கை காட்டுவது எங்கள் கடையைத்தான். என் வீட்டுக்காரர் காளிதாசனைத்தான். குணவதி பெருமையடிக்கிறாள் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். இருக்கிற பெருமையைச் சொல்ல எனக்கென்ன வெட்கம்?

அவர் பிறந்தது சுங்கை லாலாங் பக்கத்துத் தோட்டத்தில். அப்பா ரப்பர் பால் லாரி ஓட்டினார். இவருக்குப் படிப்பு ஏறவில்லை என்று டவுனில் ஒரு சீன முதலாளியின் கடைக்குக் குழாய் வளைக்க வந்தார். வளைத்தார், வளைத்தார், வளைத்துக்கொண்டே இருந்தார். முதலாளிக்கு வயதாகி மகனோடு பினாங்குக்குப் போனபோது கடை இவர் கைக்கு வந்தது. அவருடைய கதை அவ்வளவுதான். கட்சியில் சேரவில்லை, கோயில் கமிட்டியில் சண்டை போடவில்லை, கடன்காரன் என்று பெயர் எடுக்கவில்லை. குழாய், வெல்டிங், சாயங்காலம் ஒரு தேத்தண்ணி. இப்படி ஒரு மனிதரைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது என்று நானும் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஊரெல்லாம் சத்தத்துக்கு அலைந்தபோது இவர் ஒருவர்தான் எதிர்த்திசையில் போனார். மோட்டார் சைக்கிள் பையன்கள் வந்து, குழாயைத் திறந்து விடுங்கள் அண்ணே என்று கெஞ்சுவார்கள். "சத்தம் வேணும்னா உறுமி மேளத்துல போய்ச் சேரு. வண்டிய ஏன் கத்த விடுற?" என்று அனுப்பிவிடுவார். நல்ல வருமானம் வாசல் வரை வந்து திரும்பிப் போவதைப் பார்த்து எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் நாளாக ஆக வேறு மாதிரி ஆட்கள் வரத் தொடங்கினார்கள். மாமனாரிடம் திட்டு வாங்கியவர்கள், பள்ளிவாசல் பக்கத்தில் குடியிருப்பவர்கள், எஞ்சினுக்கு இழுவை வேண்டும் ஆனால் தெருவே எட்டிப் பார்க்கக்கூடாது என்பவர்கள். அலோர்ஸ்டார் மெர்கோங்கிலிருந்துகூட வந்தார்கள்.

கடையில் நான் மேசையில் உட்கார்ந்திருப்பேன். பில் போடுவது, போன் எடுப்பது, சாமான் கொண்டு வருகிறவனோடு மல்லுக்கு நிற்பது எல்லாம் நான். அவருக்கும் சேர்த்து வாயை ஆண்டவன் எனக்கே கொடுத்துவிட்டான். அவர் காருக்கு அடியில் கிடப்பார். கேட்டால் பதில் சொல்வார், அதுவும் பாதி நாள் சொல்லமாட்டார்.

அந்தப் பாதி நாளைத்தான் நான் கவனிக்காமல் விட்டுவிட்டேன்.

எங்கள் இரண்டு வீட்டிலும் யாரும் மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை. அவருடைய அண்ணன் தம்பிகள் பேசினால் ரப்பர் மரத்துக்கு அந்தப் பக்கம் நிற்பவனைக் கூப்பிடுவது போலத்தான் இருக்கும். என் குரலோ சந்தைக் குரல். எல்லோரும் கத்துகிற வீட்டில் ஒருவருக்குக் காது மந்தமானால் யாருக்குத் தெரியும்?

ஒருநாள் வீட்டில் அவர் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நான் குளித்துவிட்டு வெளியே வந்தால் குக்கர் விசில் அடித்துக்கொண்டே இருக்கிறது, பருப்பு தீய்ந்த வாடை வீடெல்லாம்.

"காது அவிஞ்சி போச்சா? விசில் கேக்கல?" என்று கத்தினேன்.

"விசில் எங்க வந்துச்சு? கெட்டுப்போச்சு போல. புதுசு வாங்கிரு," என்றார் அவர், வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவர் அதைச் சொல்லும்போதும் விசில் அலறிக்கொண்டிருந்தது. அடுப்பை அணைத்துவிட்டு, ஈரத் தலையோடு அப்படியே நின்றேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்தேன். இடி கேட்கிறது, லாரி கேட்கிறது, டீவியில் ஆம்பிளை செய்தி வாசித்தால் கேட்கிறது. கரண்டி விழுந்தால் கேட்கவில்லை. போன் மணி கேட்கவில்லை. வாசலில் மைனா கத்தினால் கேட்கவில்லை. முப்பது வருடம் இரும்பு தேய்க்கிற கிரைண்டர் பக்கத்தில் காதைக் கொடுத்ததில் கனத்த கீழ்ச்சத்தம் மட்டும் தங்கியிருக்கிறது, கீச்சென்ற மேல்சத்தம் எல்லாம் போய்விட்டது. கிளினிக்குக்குப் போகலாம் என்று கூப்பிட்டேன்.

"செவிட்டு எக்சோஸ் கடைன்னு போர்டு எழுதி மாட்டிரு. அதோட முடிஞ்சிரும்," என்றார். அத்தோடு எழுந்து போய்விட்டார்.

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னதில் என்ன பொய்? வெல்டிங்குக்குக் கை ஆடினால் வேறு ஆளை வைத்துக்கொள்ளலாம். சத்தம் அடக்குகிறவருக்கே சத்தம் கேட்காது என்று ஒரு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டால் போதும், அடுத்த நாள் கடையில் ஈ ஓட்ட வேண்டியதுதான். அந்தப் பெயரைத் தவிர அவரிடம் வேறு சொத்து கிடையாது. அது போனால் அவர் என்ன ஆவார் என்று நினைத்துப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது. யாருக்கும் தெரியாமல் பார்த்துக்கொள்வது என்று முடிவெடுத்தேன். நான் பார்த்துக்கொள்வது அவருக்கே தெரியாமல்.

அந்தச் சமயத்தில்தான் ஷஃபிக் வந்தான். கூலிம் ஹைடெக் பூங்காவில் ஒரு பேக்டரியில் டெக்னீஷியன். இங்கே பக்கத்துத் தாமான் குடியிருப்பில், வரிசை வீட்டில் இருக்கிறான். அவனுடைய கார் இரண்டு கதவு வைத்த பழைய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார். அதற்கு அவன் போட்ட பாலிஷில் நான் தலை சீவிக்கொள்ளலாம். எஞ்சினிலிருந்து புகையை வெளியே எடுக்கிற வார்ப்பிரும்புக் குழாய் வெடித்துவிட்டது. பழைய மாதிரியே கிடைக்கவில்லை என்று, நாலு குழாய் சேர்ந்து ஒன்றாகிற ஸ்டெயின்லெஸ் எக்ஸ்ட்ராக்டர் ஒன்றைப் பெட்டியோடு தூக்கிக்கொண்டு வந்திருந்தான்.

"அண்ணே, பவர் ஏறுனா சந்தோசம்தான். ஆனா சத்தம் ஏறக்கூடாது லா," என்றான். "என் வைஃப் தலீலாவுக்கு இப்பதான் கொழந்த பொறந்திருக்கு. நான் விடியக்காலைல ஷிஃப்டுக்குப் போவணும். பக்கத்து வீட்டு அங்கிள் ஏற்கனவே வந்து சண்ட போட்டுட்டாரு. இன்னொரு வாட்டி சத்தம் போட்டு பீசிங் பண்ணுனா போலீஸ்ல ரிப்போர்ட்டுன்னு சொல்லிட்டாரு."

என் வீட்டுக்காரர் பெட்டியைத் திறந்து குழாயை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். "இது தகரம். மெலிசு. மாட்டுனா பாடும். திருப்பிக் குடுத்துட்டுக் கனமானது வாங்கு," என்றார். பையன் மறுபேச்சுப் பேசாமல் மாற்றி வாங்கி வந்தான்.

அந்த வேலையை அவர் செய்ததைப் பார்க்க வேண்டும். நாலு குழாயிலும் சூடு தாங்கும் நாடாவை நனைத்து நனைத்து இறுக்கிச் சுற்றினார். மூட்டுகளில் புகை கசியாமல் இருக்கப் புது கேஸ்கெட் வைத்தார். எஞ்சினின் ஆட்டம் பின்னால் போகாதபடி நடுவில் வளைந்து கொடுக்கிற துண்டு ஒன்றைப் பற்றவைத்தார். பின்னால் பெரிய சைலன்சர், உள்ளே பஞ்சு அடைத்தது. சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாலும் எழுந்து வரவில்லை. கல்யாணத்துக்குக்கூட அவர் இவ்வளவு அக்கறையாகத் தயாராகவில்லை.

முடித்ததும் பையனை ஸ்டார்ட் பண்ணச் சொல்லி, பானட்டுக்குள் குனிந்து எஞ்சினை முடுக்கினார். கீழ்ச்சத்தம் கொஞ்சமும் இல்லை. அந்த 'பூம்' என்கிற இரைச்சல், வயிற்றைப் பிசைகிற அது, சுத்தமாக இல்லை. இன்னும் முறுக்கினார். அப்போது அது வந்தது. மெல்லிசாக, கரகரவென்று, தகர டப்பாவைச் சிமெண்டுத் தரையில் இழுப்பது போல. எனக்குப் பல் கூசியது. பக்கத்து டயர் கடையில் காற்றடிக்கிற இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. ஷஃபிக் அது கேட்காமல் உள்ளே கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்து, மீட்டர் ஊசி ஏறுகிற வேகத்தைப் பார்த்து வாயெல்லாம் பல்லாக இருந்தான்.

என் வீட்டுக்காரர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

வேலை முடிந்து எஞ்சினை முறுக்கும்போது அவர் என்னைப் பார்ப்பது வழக்கம். எங்கள் கல்யாணப் போட்டோவில்கூடத் தரையைப் பார்த்துக்கொண்டிருக்கிற மனிதர், அந்த நேரத்தில் மட்டும் நேராக என் முகத்தைப் பார்ப்பார். வாயால் ஒருநாளும் ஒரு நல்ல வார்த்தை சொல்லாதவர் கண்ணால் சொல்கிறார் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். இத்தனை வருடம் அந்தக் கடையின் புகையில் நான் உட்கார்ந்திருந்ததே அந்தப் பார்வைக்காகத்தான் என்று சொன்னாலும் தப்பில்லை.

அன்றைக்கு என்ன செய்வது என்று எனக்கு ஒரு நொடி புரியவில்லை. சத்தம் இருக்கிறது என்று சொன்னால், எங்கே என்பார், கேட்கவில்லையே என்பார். பையனுக்கு முன்னால் எல்லாம் வெளியே வந்துவிடும். சிரித்தேன். நன்றாகவே சிரித்தேன். சாப்பிடும்போது பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அவர் திருப்தியாகத் தலையாட்டி எஞ்சினை நிறுத்தச் சொன்னார்.

வீட்டில் அன்றைக்கு அவர் இரண்டாவது தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார். "அந்தக் காடி நல்லா வந்துருச்சு குணா," என்றார், நான் கேட்காமலே. அதற்குப் பிறகு எனக்கு எங்கிருந்து வாய் வரும்?

மறுநாளே ஷஃபிக் திரும்பி வந்துவிட்டான். முகம் கறுத்திருந்தது.

"அண்ணே, மீட்டர் ஊசி மூவாயிரம் தாண்டுனா கரகரன்னு ஒரு சத்தம். தாமானுக்குள்ள மேடு ஏறும்போது நல்லா கேக்குது. கொழந்த தூக்கிப் போட்டு எந்திரிக்குது," என்றான்.

என் வீட்டுக்காரர் முறுக்கிப் பார்த்தார். குனிந்து கேட்டார், சைலன்சரில் கை வைத்துப் பார்த்தார். "ஒன்னும் இல்லயே."

"நல்லா கேளுங்கண்ணே. இப்ப, இந்தா, இப்ப வருது."

"ஒனக்கு டேஷ்போர்டு ஆடுது. அத இறுக்கு."

அவர் மறுபடி என் பக்கம் திரும்பினார். நான் போன் வந்தது போல எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

"நாங்க குரூப்புல ஒங்களப் பத்தி எவ்ளோ பெருசா பேசுவோம் தெரியுமா," என்று ஷஃபிக் சொன்னான். காரில் ஏறிக் கதவை அறைந்து சாத்தினான்.

நான் செருப்பு போடாமல் தெரு முனை வரை ஓடி அவனை நிறுத்தினேன். மூச்சு வாங்க, "தம்பி, குரூப்புல ஒன்னும் போடாத. பீடோங்ல பரஞ்சோதின்னு ஒருத்தர் கடை இருக்கு, எங்ககிட்ட வேலை செஞ்சவருதான். போய் நடுக்குழாய்ல ஒரு ரெசனேட்டர் வெக்கச் சொல்லு. அந்தக் கரகரப்ப அது முழுங்கிரும். நான் பேசிர்றேன். அண்ணனுக்கு மட்டும் தெரிய வேணாம்," என்றேன்.

"ஏன்க்கா? அண்ணனே செய்யலாமே?"

"சொன்னதச் செய்யி லா," என்றேன். அவனுக்கு என் முகத்தைப் பார்த்து என்ன தோன்றியதோ, தலையாட்டிவிட்டுப் போனான்.

பரஞ்சோதி போனில் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. "சரிக்கா, செஞ்சிர்றேன்," என்று மட்டும் சொன்னார். அவர் ஏதாவது கேட்டிருந்தால் ஒரு பொய்யைச் சொல்லி முடித்திருப்பேன். கேட்காமல் விட்டதால், அவருக்கு ஏற்கனவே தெரியுமோ என்று எனக்குத் தூக்கம் கெட்டது.

கார் சரியாகிவிட்டது. அக்கா, இப்போது வீட்டு வாசலில் நிறுத்தினாலும் தலீலாவுக்கே தெரிவதில்லை என்று ஷஃபிக் மெசேஜ் அனுப்பினான். பக்கத்து வீட்டு அங்கிள் சலாம் சொல்கிறாராம். எல்லாம் முடிந்தது, நானும் ஒரு காரியத்தைச் சாதித்துவிட்டேன் என்று இருந்தேன்.

குழந்தைக்கு முடி எடுக்கிற கெண்டூரி விருந்துக்கு அழைக்க ஷஃபிக் அந்தக் காரிலேயே வந்தான். வராமல் போனில் சொல்லியிருக்கலாம். மரியாதை தெரிந்த பையன், நேரில் வந்தான்.

"காடிய விட்டுட்டு உக்காரு," என்றார் என் வீட்டுக்காரர். "எக்ஸ்ட்ராக்டர் மாட்டுனா சூடேறி ஆறுனதுக்கு அப்பறம் ஒருவாட்டி போல்ட்டு இறுக்கணும். இல்லன்னா கசியும்."

"பரவாயில்லண்ணே, அவசரமா போறேன்," என்றான் ஷஃபிக்.

"அவன் போவட்டுமே, அப்பறம் பாத்துக்கலாம்," என்றேன் நான்.

அவர் இருவரையும் பார்த்தார். காரை மேலே ஏற்றினார்.

விளக்கைப் பிடித்துக்கொண்டு அடியில் போனவர் ரொம்ப நேரம் வெளியே வரவில்லை. நடுக்குழாயில், அவர் வைக்காத ஒரு துண்டு இருக்கிறது. அதன் இரண்டு முனையிலும் வேறு ஒருவருடைய வெல்டிங் இருக்கிறது. ஷஃபிக் சாவியை மேசையில் வைத்துவிட்டு, தேத்தண்ணி குடித்துவிட்டு வருகிறேன் என்று மெல்ல நழுவினான்.

"இது பரஞ்சோதி கை," என்றார் அவர், அடியிலிருந்தே. "யாரு போவச் சொன்னா?"

"நான்தான்."

"ஏன்?"

"சத்தம் வந்துச்சுங்க. ஒங்களுக்குக் கேக்கல." சொல்லிவிட்டேன். கத்தப் போகிறார் என்று மேசையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

அவர் வெளியே வந்து கையைத் துடைத்தார். ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். "எனக்குக் கேக்காதுன்னு எனக்குத் தெரியாதா குணா?"

"தெரிஞ்சா பின்ன எப்படிக் காடிய வெளிய விட்டீங்க?"

"ஒன் மூஞ்சிய பாத்துத்தான். எத்தன வருசமா அப்படித்தான் செய்யிறேன். நீ மூஞ்சி சுளிச்சா திரும்ப மேல ஏத்துவேன். சும்மா இருந்தா விட்டுருவேன்." துணியை மேசையில் போட்டார். "அன்னைக்கி நீ சிரிச்ச."

அந்தப் பார்வை. கண்ணால் பேசுகிறார் என்று நான் மனதுக்குள் பொத்திப் பொத்தி வைத்திருந்த அந்தப் பார்வை. எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

"அப்ப நான் என்ன, மீட்டரா? கடையில மாட்டி வெச்ச மீட்டரா நான்?"

"மீட்டர் பொய் சொல்லாது," என்றார்.

அவர் காரை இறக்கினார். போல்ட்டுகளை ஒவ்வொன்றாக இறுக்கினார். பரஞ்சோதி வைத்த துண்டைத் தொடவில்லை. ஷஃபிக் திரும்பி வந்ததும், "நல்ல வேலை செஞ்சிருக்கான். அப்படியே இருக்கட்டும்," என்று சொல்லிச் சாவியைக் கொடுத்தார். கெண்டூரிக்கும் போனோம். அவர் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டார். அது வீறிட்டு அழுததை அவர் அதன் வாயைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். நான் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை முன்பே சொல்லியிருந்தால் நான் ஏன் சிரிக்கப்போகிறேன்? அவருக்காக நாள் முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேனே. அவரிடமே இதைச் சொன்னேன். "நீயும் சொல்லலயே," என்றார். அதுவும் சரிதான். அதனால் கோபம் இன்னும் கூடியதே தவிரக் குறையவில்லை.

போன வாரம் மீன் வியாபாரம் செய்கிற அமிருல் பாய் தன் வேனைக் கொண்டுவந்தார். குழாய் துருப்பிடித்துப் போயிருந்தது. என் வீட்டுக்காரர் புதிதாக வளைத்து மாட்டினார். எஞ்சினை முறுக்கினார், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

வேனுக்கு அடியில் முன்பக்கம் டிக் டிக் என்று காற்று கசிகிற சத்தம். எனக்குத் தெளிவாகக் கேட்டது. இந்தத் தடவை நான் எழுந்து நின்றேன். "ஏங்க, கசியுது," என்று கடை முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னேன்.

அவர் திரும்பவில்லை. என் குரல் அவருக்குக் கேட்கும், எனக்குத் தெரியும்.

"பாய், ஒங்களுக்கு ஏதாச்சும் கேக்குதா?" என்றார்.

அமிருல் பாய் போனிலிருந்து தலையைத் தூக்கினார். "இல்லயே காளி. அருமையா இருக்கு."

"கசியுதுங்க. முன்னாடி பக்கம். சத்தியமா சொல்றேன்."

அவர் வேனின் கதவை இரண்டு தட்டுத் தட்டினார். "எடுத்துட்டுப் போங்க பாய்," என்றார்.